லாரி டயர் வெடித்தால் முதலில் என்ன செய்வது? புதிதாக வண்டி ஏறுபவர்களுக்கு

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கிப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நள்ளிரவு தாண்டிப் பயணம் செய்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக ஒரு லாரி நிற்கும். பின்விளக்கில் ஒன்று எரியாது. வலப்பக்கப் பின்சக்கரத்தருகே ஒரு பையன் குந்தியிருப்பான். செல்பேசியை வாயில் கவ்விக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் நட்டுகளைத் துழாவுவான். அவன் முதுகை உரசிக்கொண்டு பேருந்துகள் பறக்கும்.

அந்தப் பையனாக நானும் இருந்திருக்கிறேன். சங்ககிரியில் கிளீனராக ஏறி, பிறகு ஸ்டியரிங் பிடித்துப் பல ஆண்டுகள் வடக்கே ஓடியவன் நான். எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நட்டைக் கழற்றுவதிலிருந்துதான் பாடத்தைத் தொடங்கினார்கள். நான் அங்கிருந்து தொடங்கப் போவதில்லை. டயர் வெடித்ததால் இறந்தவர்களைவிட, வெடித்த வண்டி நின்ற இடத்தால் இறந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் அந்த லாரியைச் சேர்ந்தவர்கள்கூட இல்லை, பின்னால் வந்து மோதியவர்கள். அதனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுக்கிறேன்.

வெடித்த நொடியில்

முன்சக்கர டயர் வெடித்தால் வண்டி வெடித்த பக்கமாக இழுக்கும். காலுக்கு உடனே பிரேக்கை மிதிக்கத் தோன்றும். மிதிக்காதீர்கள். மிதித்தால் எடை முழுவதும் காற்றில்லாத அந்தச் சக்கரத்தின் மேல் விழும், வண்டி கையை மீறித் திரும்பும். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து வண்டியை நேராக வைத்திருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் தானாகக் குறைந்த பிறகு பிரேக்கைத் தொட்டால் போதும்.

பின்சக்கரங்கள் ஜோடியாக இருப்பதால் அங்கே ஒன்று போனாலும் வண்டி ஓடும். உள்டயர் போனால் சத்தம்கூடக் கேட்காமல் போகலாம். ஓட்டுபவர் இருபது, முப்பது கிலோமீட்டர் போய்விடுவார். அதுவரை இரண்டு டயரின் சுமையையும் ஒரே டயர் சுமந்துகொண்டிருக்கும், காற்றில்லாத டயர் அதன்மேல் உரசிச் சூடாகிக்கொண்டிருக்கும். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த கேள்வி, எங்கே நிறுத்துவது. பாலத்தின் மேல் வேண்டாம். வளைவில் வேண்டாம். மேட்டின் உச்சியைத் தாண்டிய இடத்தில் வேண்டவே வேண்டாம், அங்கே பின்னால் வருபவருக்கு உங்கள் வண்டி கடைசி நொடியில்தான் தெரியும். இரட்டை இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு, நடக்கும் வேகத்தில், இடதோரமாக உருட்டிக்கொண்டே போங்கள். ஒரு கிலோமீட்டர் போனால் லாரி நிறுத்துமிடமோ பெட்ரோல் பங்க்கோ சுங்கச்சாவடியோ வரும் என்றால், அதுவரை போய்விடுங்கள். டயர் நாசமாகும், ரிம்மும் போகலாம். முதலாளி திட்டுவார். திட்டட்டும். அந்த டயருக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுத்து வாங்கிவிடலாம்.

சாலையோரம் என்பதே நம் ஊரில் ஏமாற்றும் சொல். பல பழைய நான்குவழிச் சாலைகளில் ஓரத்துத் தார்ப்பட்டையின் அகலம் ஒன்றரை மீட்டர்தான். லாரியின் அகலம் இரண்டரை மீட்டர். ஓரமாகத்தான் நிறுத்தினேன் என்று நீங்கள் நினைக்கும்போதே ஒரு மீட்டர் லாரி ஓடும் பாதையில் துருத்திக்கொண்டிருக்கிறது. மண் உறுதியாக இருந்தால் இன்னும் இடப்பக்கம் இறக்குங்கள். மழை பெய்த மண்ணில் மட்டும் லோடு வண்டியை இறக்க வேண்டாம், சக்கரம் புதைந்து வண்டி சாயும்.

பின்னால் வருபவருக்குச் சொல்லுங்கள்

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கிறது. எச்சரிக்கை முக்கோணத்தை லாரிக்குப் பின்னால் பத்தடியில் வைத்தால், அதைப் பார்த்த ஓட்டுநர் கண் இமைப்பதற்குள் லாரிக்குள் இருப்பார். ஐம்பது மீட்டரில் வைத்தால் இரண்டு நொடிக்கும் குறைவு. நூறு மீட்டரில் வைத்தால்தான் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக் மிதித்து, பாதை மாறுவதற்கு நேரம் கிடைக்கும். நூறு மீட்டர் என்பது ஏறத்தாழ நூற்று முப்பது எட்டு. எண்ணிக்கொண்டே நடங்கள்.

வண்டியில் குறைந்தது இரண்டு முக்கோணம் இருக்கட்டும். நடுவில் தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் இரண்டையும் பின்னாலேயே வையுங்கள், ஒன்று ஐம்பது மீட்டரில், மற்றொன்று நூறு மீட்டரிலோ அதற்கும் அப்பாலோ. எதிரெதிராக வண்டிகள் ஓடும் இருவழிச் சாலை என்றால் ஒன்றை முன்பக்கமும் வைக்க வேண்டும். வளைவுக்கு அப்பால் நிற்க நேர்ந்துவிட்டால் மீட்டர் கணக்கையெல்லாம் விடுங்கள். வளைவு தொடங்கும் முன்பே முக்கோணம் இருக்க வேண்டும்.

நடந்து போகும்போது முக்கோணத்தை மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போங்கள். வரும் வண்டிகளின் வெளிச்சம் அதில் பட்டு உங்களையும் காட்டிக்கொடுக்கும். போகும்போது வண்டிகள் உங்கள் முகத்துக்கு நேரே வருகின்றன, திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் வருகின்றன. எனவே திரும்பும்போது தாரில் கால் வைக்காமல் மண்ணில் இறங்கி நடங்கள். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் இரண்டு வாங்கி கேபினில் மாட்டி வையுங்கள். டிரைவருக்கு ஒன்று, கிளீனருக்கு ஒன்று. ஒன்றுதான் இருக்கிறது என்றால், சாலைப் பக்கம் வேலை செய்பவர் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைப் பற்றி. முக்கோணம் இல்லாதவர்கள் கல்லைப் பொறுக்கி வரிசையாக வைப்பார்கள், வேப்பங்கிளையையோ புளியங்கிளையையோ ஒடித்துப் போடுவார்கள். பகலில் கிளை ஓரளவு கண்ணுக்குத் தெரியும். இரவில் கல் யாருக்குமே தெரியாது. வேலை முடிந்ததும் அவசரத்தில் கல்லை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புவார்கள். எங்கள் வண்டிக்கு முன்னால் போன ஒரு மோட்டார் சைக்கிள் அப்படிக் கிடந்த கல்லில் ஏறிச் சரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஓட்டியவர் ஹெல்மெட் போட்டிருந்ததால் பிழைத்தார், பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கால் முறிந்தது. கல்லை வைத்த லாரி அந்நேரம் எந்த மாவட்டத்தில் போய்க்கொண்டிருந்ததோ! முக்கோணம் இரண்டுக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆகும். கல் வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து நீங்கள் தொடங்காதீர்கள். கிளையாவது வைக்க வேண்டிய நிலை வந்தால், போகும்போது அதை எடுத்து ஓரம் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும்.

பின்விளக்குகளை ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். மணல், சிமென்ட் லோடு வண்டிகளில் விளக்கின் மேல் படியும் புழுதி பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். பின்பலகையில் ஒட்டிய ரிஃப்ளெக்டர் பட்டையையும் அதே துணியால் துடையுங்கள். தொங்கும் தார்ப்பாய் விளக்கை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், ரோந்து வண்டியும் கிரேனும் அங்கிருந்து வரும். மற்ற சாலைகளில் 112. அழைக்கும்போது ‘ஒரு பெரிய ஆலமரம் தெரிகிறது’ என்று சொல்லிப் பயனில்லை. சாலை எண், எந்த ஊர்ப் பக்கம் போகிறீர்கள் என்பது, கிலோமீட்டர் கல்லின் எண், இந்த மூன்றையும் சொல்லுங்கள். தலையில் மஞ்சள் பூசிய கல் தேசிய நெடுஞ்சாலை, பச்சை பூசியது மாநில நெடுஞ்சாலை. ஓடும்போதே கடந்துபோகும் கல்லின் எண்ணை மனதில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தைக் கிளீனர் ஏற்படுத்திக்கொள்வது நல்லது.

உதவி வரும்வரை எங்கே இருப்பது? லாரிக்குப் பின்னால் நிற்காதீர்கள். வெயிலுக்கு ஒதுங்கி லாரியின் அடியில் படுக்காதீர்கள். இதை எழுதும்போதே எனக்கு மனம் பதறுகிறது, ஏனென்றால் இது அவ்வளவு சாதாரணமாக நடக்கிறது. இரவெல்லாம் விழித்த பையனுக்கு அந்த நிழல் சொர்க்கமாகத் தெரியும். பின்னால் ஒரு வண்டி மோதினால் லாரி நகர்வது அவன் மேல்தான். சாலையை விட்டு நன்றாக இடப்பக்கம் விலகி, ஏதாவது மரத்தடியில் உட்காருங்கள்.

இங்கே மாற்றலாமா, வேண்டாமா?

சரிவான இடம், சேறு, அல்லது வலப்பக்க டயர் பஞ்சராகி வேலை செய்பவர் ஓடும் பாதையில் குந்த வேண்டிய நிலை. இந்த மூன்றில் எது இருந்தாலும் அங்கே மாற்றாதீர்கள். வண்டியை இன்னும் உருட்டி வலப்பக்கம் ஒன்றரை மீட்டராவது இடம் கிடைக்கும்படி நிறுத்துங்கள், இல்லையென்றால் ரோந்து வண்டி வந்து பாதையை மறிக்கும்வரை காத்திருங்கள். லோடு இறக்க நேரமாகிறது என்று தொலைபேசியில் அவசரப்படுத்துபவர்கள் இருப்பார்கள். அவர்கள் யாரும் அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தப் போவதில்லை.

மாற்றும் முறை

இடம் பாதுகாப்பானது என்றால் இனி வேலையைத் தொடங்கலாம். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கட்டை. தூக்கப் போகாத அச்சின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் இருக்கிறதே, கட்டை எதற்கு என்று கேட்பார்கள். பெரும்பாலான லாரிகளில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. பின்பக்கம் ஒரு பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கியவுடன் அந்தப் பிடியில் பாதி போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் பாதியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் கையை விடக் கூடாது.

அடுத்தது, கடைக்காரர்கள்கூடச் சில நேரம் தவிர்த்துவிடும் ஒரு வேலை. நட்டைத் தொடுவதற்கு முன், கழற்றப் போகும் டயரின் வால்வு ஊசியை எடுத்து மிச்சக் காற்று முழுவதையும் இறக்குங்கள். ஜோடிச் சக்கரத்தில் உள்டயரைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் இரண்டு டயரிலும் இறக்க வேண்டும். காரணம் ரிம்மின் அமைப்பில் இருக்கிறது. டியூப் டயர் போட்ட பழைய வகை லாரிச் சக்கரத்தில் ரிம், பக்கவளையம், அதைப் பிடித்துவைக்கும் லாக் ரிங் என்று தனித்தனித் துண்டுகள் உண்டு. ரிம்மில் விரிசல் இருந்தாலோ லாக் ரிங் தேய்ந்திருந்தாலோ, அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது நட்டுகளின் இறுக்கம் மட்டுமாக இருக்கலாம். உள்ளே 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் நிற்கும்போது கடைசி நட்டைத் தளர்த்தினால், லாக் ரிங் எதிரே இருப்பவரின் முகத்தை நோக்கிப் பாயும். ஊசியை எடுத்த துளையில் மெல்லிய கம்பி ஒன்றை விட்டுப் பாருங்கள். அழுக்கு அடைத்துக்கொண்டு ‘காற்று இறங்கிவிட்டது’ என்று ஏமாற்றுவதும் உண்டு. இந்த வேலையின்போது டயரின் பக்கச் சுவருக்கு நேரே நிற்காதீர்கள், டயர் உருளும் திசையில் தள்ளி நில்லுங்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்துங்கள், அரைச் சுற்று போதும். தூக்கிய பிறகு பலமாக இழுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி மரை இருக்கும், அங்கே கழற்றும் திசையே தலைகீழ். ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) முனையில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைப் போடுங்கள். தெரியாமல் எதிர்த்திசையில் குதித்துக் குதித்து மிதித்து, ஸ்டட்டை முறித்தவர்கள் நிறைய பேர். ஸ்பேனரோடு குழாய் மாட்டி அதன்மேல் ஏறி நின்று மிதிப்பதும் நம்மிடம் வழக்கமாகிவிட்டது. கால் வழுக்கினால் விழுவது சாலைப் பக்கம். நிலையாக நின்று, முடிந்தவரை உங்களை நோக்கி மேல்பக்கமாக இழுங்கள்.

ஜாக்கிக்கு வருவோம். 2018இல் ஒன்றிய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்திய பிறகு, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சில் பதினொன்றரை டன் வரை ஏற்றலாம். அப்படியானால் ஒரு பக்கம் மட்டுமே ஏறக்குறைய ஆறு டன். பத்து டன் ஜாக்கி திணறும், இருபது டன் பாட்டில் ஜாக்கியே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கசியும் ஜாக்கியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அதை மண்ணிலோ, வெயிலில் இளகிய தாரிலோ நேரடியாக வைக்காமல், இரண்டு அங்குலத் தடிமனான பலகையின் மேல் வையுங்கள். அச்சின் அடியில், ஸ்பிரிங் பட்டைக்கு அருகில், செங்குத்தாக நிற்க வேண்டும். ஜாக்கியின் தலைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புத் துண்டு எதையும் செருகாதீர்கள். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும்.

டயர் தரையை விட்டு விலகும் அளவுக்குத் தூக்கினால் போதும். தூக்கிய உடனே ஸ்டெப்னியை, அதாவது மாற்றுச் சக்கரத்தை, படுக்கவைத்துச் சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) அடியில் தள்ளிவிடுங்கள். ஜாக்கி இறங்கினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும், உங்கள் மேல் அல்ல. பழைய சக்கரம் வெளியே வந்ததும் அதை அடியில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளலாம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தொழிலுக்கு ஏறிய முதல் வருடத்தில் இரண்டு விரல்களை இழந்தவர்.

ரிம்மோடு சேர்ந்த லாரிச் சக்கரம் நூறு கிலோவுக்குக் குறையாது. தூக்காதீர்கள், உருட்டுங்கள். ஸ்டட்டில் ஏற்றுவதற்குக் கம்பியை அடியில் கொடுத்து நெம்புங்கள். சக்கரம் சாயத் தொடங்கினால் பிடிக்கப் போகாதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். கேரியரிலிருந்து ஸ்டெப்னியை இறக்கும்போதும் இதே கவனம் வேண்டும். சங்கிலி அறுந்து காலில் விழுந்த கதை ஒவ்வொரு லாரி ஷெட்டிலும் ஒன்று இருக்கிறது.

புதுச் சக்கரத்தைப் போடுவதற்கு முன், டிஸ்க்கும் (சக்கரத்தின் நடுத்தகடு) ஹப்பும் (அச்சு முனையில் சக்கரம் மாட்டும் பகுதி) ஒட்டும் முகத்தைக் கம்பித் தூரிகையால் துடையுங்கள். நடுவில் ஒட்டிக்கொண்ட மண்ணும் துருவும் பெயிண்டும் ஓட ஓட நசுங்கும், அந்த அளவுக்கு நட்டு தளர்ந்துவிடும். ஜோடிச் சக்கரத்தில் உள்டயரின் வால்வும் வெளிடயரின் வால்வும் எதிரெதிராக வரும்படி வையுங்கள், அப்போதுதான் பிறகு உள்டயருக்குக் காற்றுப் பிடிக்கக் கை நுழையும். நன்றாகத் தேய்ந்த டயருக்குப் பக்கத்தில் புத்தம்புதிய டயரை ஜோடி சேர்க்காதீர்கள். உயரமான டயர் சுமை முழுவதையும் தானே வாங்கிக்கொண்டு சீக்கிரம் போய்விடும்.

நட்டுகளை முதலில் எல்லாவற்றையும் கையால் ஏற்றுங்கள். பிறகு எதிரெதிராக, ஒன்றுக்கு நேர் எதிரே இருப்பது, அதற்குப் பக்கத்தில், மறுபடி எதிரே என்று ஸ்பேனரால் இறுக்குங்கள். வட்டமாக வரிசையில் இறுக்கினால் சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காரும். சக்கரம் தரையில் பட்ட பிறகுதான் முழு பலம். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். இது கட்டாயம். சக்கரம் கழன்று தனியாக ஓடி, பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களை அடித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. நட்டைச் சுற்றித் துருநிறக் கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஜாக்கி, பலகை, ஸ்பேனர், கம்பி எல்லாவற்றையும் எண்ணி ஏற்றுங்கள். பிறகு கட்டை. முக்கோணங்களைக் கடைசியாக எடுங்கள்.

அந்த டயருக்கு உடனே காற்றுப் பிடிக்காதீர்கள்

காற்று குறைந்த டயரைப் பார்த்ததும், வண்டியின் ஏர் டேங்கிலிருந்து குழாய் போட்டுப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தோன்றும். டயருக்குரிய அழுத்தத்தில் எண்பது சதவீதத்துக்கும் கீழே இறங்கிய நிலையில் அது ஓடியிருந்தால் வேண்டாம். 120 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயரில் 96க்குக் கீழ் என்றால் அந்தக் கணக்கு. ரேடியல் டயரின் பக்கச் சுவருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகள், காற்றில்லாமல் ஓடும்போது மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுபடி காற்று ஏறும்போது, ஜிப்பைத் திறந்ததுபோல் பக்கச் சுவர் ஒரே கோடாகக் கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் குந்தியிருப்பவரைத் தூக்கி எறியும் அளவுக்கு அந்தக் காற்றுக்குப் பலம் இருக்கிறது.

பஞ்சர் கடையில் டயரைக் கழற்றி உட்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். காற்றுப் பிடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைக்கும் கடை என்றால் அந்தக் கடையையே வாடிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். கூண்டு இல்லாத இடத்தில் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் நீளக் குழாயின் மறுமுனைக்கு விலகிவிடுங்கள். உள்ளேயிருந்து படபடவென்று சிறு சத்தம் கேட்டால் கம்பிகள் அறுகின்றன என்று பொருள். காற்றை நிறுத்திவிட்டு, தள்ளி நின்றபடியே இறக்க வேண்டும். கடையில் லாக் ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்காரவைத்துக்கொண்டே காற்று ஏற்றுபவரைப் பார்த்தால், தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

புகை வந்தால்

இப்போது முன்பு பாதியில் விட்ட அந்த உள்டயருக்கு வருவோம். காற்றில்லாமல் உரசிக்கொண்டே ஓடும் டயர் தீப்பிடிக்கும். பிரேக் பிடித்தபடியே சிக்கிக்கொண்ட பிரேக் டிரம்மும் டயரைக் கொளுத்தும். இதைத் தடுக்கும் வழி மிக எளியது. டீ குடிக்க நிறுத்தும் ஒவ்வொரு முறையும் கிளீனர் வண்டியைச் சுற்றிவந்து எல்லா டயரையும் கம்பியால் தட்டிப் பார்க்க வேண்டும். காற்றுள்ள டயர் கணீரென்று துள்ளும், இல்லாதது மொத்தென்று வாங்கிக்கொள்ளும். இரண்டு நாள் தட்டினால் காதுக்குப் பழகிவிடும். ஹப்பின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே ஏதோ சிக்கியிருக்கிறது.

புகையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் பெட்ரோல் பங்க்கில் ஒதுக்காதீர்கள், கடைகளுக்கும் குடிசைகளுக்கும் அருகிலும் வேண்டாம். வெட்டவெளியில் நிறுத்தி, 101 அல்லது 112க்கு அழையுங்கள். தீயணைப்புக் கருவியின் பொடி சுவாலையை அடக்கும், ரப்பரின் சூட்டை அடக்காது. அணைந்துவிட்டது என்று நினைத்த டயர் ஐந்து நிமிடத்தில் மறுபடி எரியும். அதைக் குளிரவைக்க நிறைய தண்ணீர் வேண்டும். கிட்டே போக நேர்ந்தால் பக்கச் சுவருக்கு எதிரே போகாமல், டயர் உருளும் திசையிலிருந்து போங்கள். தீ பெரிதாகிவிட்டால் வண்டியை விட்டுவிடுங்கள். ஆர்.சி. புத்தகமும் துணிப்பையும் எடுக்க கேபினுக்குள் திரும்ப ஏறாதீர்கள்.

எரிவாயுவோ ரசாயனமோ ஏற்றிய டேங்கர் என்றால், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக வெகுதூரம் விலகி, மற்ற வண்டிகளையும் தடுத்து நிறுத்துங்கள். டேங்கரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பலகையில் பொருளின் எண்ணும் அவசரத் தொலைபேசி எண்ணும் இருக்கும், தீயணைப்புத் துறைக்கு அதையே படித்துச் சொல்லுங்கள்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால்

தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர்க் கணவாயில் இறங்கியவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். அங்கே நடந்த பல விபத்துகளின் தொடக்கம் ஒன்றுதான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது, அல்லது மேல் கியரில் இறங்கிக்கொண்டு பிரேக்கை மிதித்தபடியே வருவது. பிரேக் லைனர் சூடேறினால் பிடி போய்விடும். நியூட்ரலில் வந்தவருக்கு அந்த வேகத்தில் கியர் விழவும் விழாது. இறக்கம் தொடங்கும் முன்பே, ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அந்தக் கியருக்கு வந்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை அடைத்து இன்ஜினால் வேகத்தைக் குறைப்பது) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின்தான் வண்டியைப் பிடித்துவைக்க வேண்டும். கால் பிரேக் இடையிடையே சில நொடிகளுக்கு மட்டும்.

பிடி குறைவது காலில் தெரிந்த உடனே ஹாரனும் விளக்கும் போட்டு எச்சரித்துக்கொண்டு, வேகம் ஏறும் முன் ஒவ்வொரு கியராகக் கீழே இறக்குங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். கடைசி வழியாக மண்மேட்டிலோ ஓரத் தடுப்பிலோ உரசவிடுங்கள். முன்னால் போகும் வண்டியில் மோதி நிற்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஏர் பிரேக்கில் இன்னொன்றும் உண்டு. காற்று கசிந்து அழுத்தம் குறைந்தால், உள்ளிருக்கும் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துவிடும், வண்டி நடுச்சாலையில் அசையாமல் நின்றுவிடும். எச்சரிக்கை விளக்கோ பஸ்ஸரோ வந்த நொடியே ஓரம் கட்டுங்கள், அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அப்படி நின்றுவிட்ட வண்டியின் ஸ்பிரிங்கின் பிடியை போல்ட் திருகி விடுவித்துவிட்டால் பிறகு அந்த வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. கட்டை கொடுக்காமல் யாரையும் அதைத் தொட விடாதீர்கள்.

விபத்தே நடந்து யாராவது அடிபட்டிருந்தால் 108. ஓடிவிட நினைக்காதீர்கள். அடிபட்டவருக்கு உதவும் மூன்றாம் மனிதரைத் துன்புறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 134ஏ என்ற பிரிவையே சேர்த்திருக்கிறார்கள். எனவே வழியில் வேறொருவர் வண்டி கவிழ்ந்து கிடந்தாலும், உங்கள் வண்டியைத் தள்ளிப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, முதல் வேலையாக உங்கள் முக்கோணத்தைக் கொண்டுபோய் அந்த வண்டிக்குப் பின்னால் நூறு மீட்டரில் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அதுவே பெரிய உதவி.

கடைசியாக ஸ்டெப்னி. டயர் மாற்றிக்கொண்டு கிளம்பியதும், பஞ்சரான டயர் கேரியரில் தொங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும். லோடு இறக்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். ஐம்பது கிலோமீட்டரில் நட்டு இறுக்க நிறுத்துவீர்கள் அல்லவா? பஞ்சர் கடை இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். ஒருவர் நட்டு இறுக்கட்டும், மற்றவர் டயரை இறக்கி உள்ளே கொடுக்கட்டும்.